ஜூலை 10: மறக்கலாகாத வேலூர்



ஆகஸ்ட் 15ஆம் நாளை நம் பிள்ளைகள் அறிவர். அந்நாளுக்கு வழிவகுத்த போர்க்களங்களின் நாட்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1764 அக்டோபர் 15இல் மதுரையில் மருதநாயகம் எனும் கான் சாகிபு தூக்கிலிடப்பட்டார். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் எய்தினார். அதே ஆண்டு அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கு மேடை ஏறினர். எதிர்ப்பு அத்தோடு அடங்கிற்று என்று கும்பினியார் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்த்த நாளே 1806 ஜூலை 10.

நம் சீமையின் தொடர்பு

வேலூர் எங்கே, நாரணாபுரம் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். இன்று நாம் விருதுநகர் மாவட்டத்தார். ஆனால் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை சிவகாசி வட்டாரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. அந்தச் சீமையில் பாளையங்கள் வீழ்ந்த பின், வாளும் வேலும் ஏந்திய குடும்பத்து இளைஞர் பலர் பிழைப்புக்காகக் கும்பினிப் படையிலேயே சேர்ந்தனர். வேலூர்க் கோட்டையில் இருந்த 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிப் பகுதியினர் பலர் இருந்தனர். ஆகவே வேலூரில் சிந்திய இரத்தத்தில் நம் மண்ணின் பங்கும் உண்டு.

தலைப்பாகையும் தாடியும்

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபு ஆகியோரின் காலத்தில் புதிய உடை விதிகள் பிறப்பிக்கப்பட்டன. அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடையை மழித்து, மீசையை ஒரே அளவாக நறுக்க வேண்டும், தோல் பட்டயம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அத்தலைப்பாகைக்குக் காரணராய் இருந்தவர் அட்ஜுடண்ட் ஜெனரல் அக்னியூ. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கையிலும் படை நடத்திய அதே அக்னியூ என்பது கவனிக்கத்தக்கது.

அந்தத் தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற ஐயம் படைவீடெங்கும் பரவியது. நெற்றிக்குறி இந்துவின் மானம். தாடி முஸ்லிமின் மானம். இரண்டையும் ஒரே ஆணை தீண்டியபோது இருவரும் ஒன்றாயினர்.

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் தலைப்பாகையை அணிய மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் தலா 900 கசையடி விதித்தது. அடக்கிவிட்டோம் என்று அதிகாரிகள் நம்பினர். உண்மையில் நெருப்பு சாம்பலுக்குள் கனன்று கொண்டிருந்தது.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி அதிகாரியிடம் முன்னரே தெரிவித்தார். விசாரித்த இந்திய அலுவலர்கள் அவரைப் பித்தர் என்று சொல்லிவிட, அவர் விலங்கிடப்பட்டார். பின்னர் அவருக்கே 2,000 வராகன் வெகுமதி அளிக்கப்பட்டது!

அந்த விடியற்காலை

திப்புவின் மக்களும் உறவினரும் வேலூர்க் கோட்டை அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஜூலை 9 அன்று திப்புவின் மகளார் ஒருவரின் திருமணம் நடந்தேறியது. அன்றிரவு கோட்டையில் ஏறக்குறைய 1,500 இந்தியச் சிப்பாய்களும் 370 ஆங்கிலேய வீரர்களும் இருந்தனர்.

மறுநாள் அதிகாலை இரண்டு மணியளவில் துப்பாக்கிகள் முழங்கின. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டை மீது திப்புவின் கொடி ஏறியது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தேஹ் ஹைதர் மன்னராக அறிவிக்கப்பட்டார்.

ஆனால் வெற்றி சில மணி நேரமே நிலைத்தது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். சிப்பாய்களில் பலர் கட்டுப்பாடு இழந்து கொள்ளையில் இறங்கியிருந்தனர். கதவுகளை முறையாகக் காக்கவில்லை. பீரங்கியால் வாயில் தகர்க்கப்பட்டது. அரண்மனையில் ஒதுங்கிய சுமார் நூறு சிப்பாய்கள் வெளியே கொணரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று மடிந்த சிப்பாய்கள் பல நூற்றுவர்.

பின்னர் நடந்த விசாரணையில் அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடுகடத்தப்பட்டனர். மருந்தோடு அன்றாடம் புழங்கும் நம் ஊராருக்கு, பீரங்கி வாயில் ஒரு மனிதனைக் கட்டுவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விளைந்த பயன்

உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. பெண்டிங்கும் கிரடாக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். கலகத்தில் ஈடுபட்ட மூன்று பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 51 ஆண்டுகளுக்குப் பின் 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் வடபுலம் பற்றி எரிந்தது. வேலூர் தந்த பாடத்தை ஆட்சியாளர் மறந்ததே அதற்கு ஒரு காரணம் எனலாம்.

நினைவுகூரும் முறை

இருநூறாம் ஆண்டான 2006 ஜூலை 10 அன்று இந்திய அஞ்சல் துறை சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. வேலூரில் மக்கான் பகுதியில் நினைவுத் தூண் நிற்கின்றது. எனினும் தூணுக்கு மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

வரலாற்றை நினைவுகூர்வோர் நேர்மையாக நினைவுகூர வேண்டும். அன்று மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் கொல்லப்பட்டனர். அதை வீரம் என்று நாம் கொண்டாட இயலாது. கில்லெஸ்பியோடு வந்து கோட்டையை மீட்ட படையிலும் நம் நாட்டுக் குதிரை வீரர்கள் இருந்தனர், அதையும் மறைக்கலாகாது. "இது முஸ்லிம்களின் போர்" என்று நாம் மட்டும் உரிமை கொண்டாடுவதும், "முஸ்லிம்களுக்கு இதில் பங்கில்லை" என்று பிறர் கூறுவதும் ஒரே வகையான பிழையாகும். 900 கசையடி பெற்ற அந்த இருவரின் முதுகுகள் அப்பிழையைத் திருத்தப் போதுமானவை.

பெரியோர்களே! நம் மக்தபில் ஓதும் பிள்ளைகள் பகலில் பிற சமயத்துப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். ஆண்டுக்கொரு முறை ஜூலை 10 அன்று, பெற்றோர் கால் மணி நேரம் ஒதுக்கி இவ்வரலாற்றை அவர்களுக்குச் சொல்லட்டும். தன் நெற்றிக்காகவும் அடுத்தவன் தாடிக்காகவும் ஒரே வரிசையில் நின்றவர்கள் நம் முன்னோர் என்பதை அறிந்து வளரும் பிள்ளையைப் பகையின் பேச்சு எளிதில் அசைக்காது.