போகோலான்: மாலியின் சேற்றுச்சாயத் துணி

போகோலான்ஃபினி, சுருக்கமாகப் போகோலான், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சேற்றால் சாயமேற்றப்படும் பருத்தித் துணி. மினியான்கா, செனுஃபோ, டோகோன் மக்களிடமும் இது உண்டு. ஆனால் பமாகோவுக்கு வடக்கே பெலேடுகு வட்டாரத்துப் பமானா பெண்களின் கைவேலைக்கே பெயர் அதிகம்.

நெசவு ஆண்களுக்கு, சாயம் பெண்களுக்கு என்பது பழைய ஏற்பாடு. ஒரு சாண் அகலம்கூட இல்லாத பட்டைகளை ஆண்கள் நெய்து, ஓரத்தோடு ஓரம் தைத்துத் தருவார்கள். பெண்கள் அதை ங்காலாமா மரத்தின் இலைச்சாற்றில் ஊறவைத்து வெயிலில் உலர்த்த, துணி மஞ்சளாகும். நீர்நிலையில் அள்ளிய சேற்றைப் பானையில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டு, குச்சியாலோ இரும்புத் தகட்டாலோ தீட்டுவார்கள். இலையின் துவர்ப்புச் சத்து சேற்றின் இரும்போடு கலந்து கறுக்கும். நம் கலம்காரியில் கடுக்காயும் இரும்புக்காடியும் தரும் கறுப்பும் இதே வகைதான். கழுவி, நனைத்து, மறுபடி தீட்டினால்தான் நிறம் அழுத்தமாகும். சேறு விழுவது கோலத்தின்மேல் அல்ல, அதைச் சுற்றி. தீட்டாமல் விட்ட மஞ்சளே கோடாகவும் புள்ளியாகவும் நிற்கும். காஸ்டிக் சோடா, நிலக்கடலை, கம்புத் தவிடு கலந்த பசையால் அதைக் கடைசியில் வெளுப்பார்கள்.

வேட்டைக்காரர் சட்டையும், பிரசவத்துக்குப் பின்னும் பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்குக்குப் பின்னும் பெண்கள் உடுத்தும் துணியும் இதில் ஆனவை. சிந்தும் குருதியோடு வெளிப்படும் ஆற்றலிலிருந்து அது காக்கும் என்பது நம்பிக்கை.

பாண்டியாகரா மலைக்குகைகளில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் துணிகள் பட்டை நெசவின் பழமையைக் காட்டுகின்றன; அவை போகோலான் அல்ல. ஊர்ப்புறத்துக்கு வெளியே இதன் புகழ் பரவியது அண்மையில்தான். பாஸ்கல் இம்பெராட்டோவும் மார்லி ஷமீரும் 1970இல் எழுதிய கட்டுரை இம்முறையை விரிவாகப் பதிவுசெய்தது. 1978இல் பமாகோவில் ஆறு கலைஞர்கள் போகோலான் கசோபானே என்ற குழுவாகச் சேர்ந்து, சேற்றையும் இலைச்சாற்றையும் ஓவியத்துக்குக் கொண்டுவந்தார்கள். கட்டி ஊரில் 1949இல் பிறந்து பாரிசில் பெயர் வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் கிரிஸ் செய்து போகோலானில் கோட்டும் குட்டைப் பாவாடையும் தைத்தார். ஆனால் பொருள் பொதிந்த பழைய கோலங்களைக் கத்தரிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும் துணிகளையே பயன்படுத்தினார். 1994இல் அவர் மறைந்தபோது மாலியின் தேசிய அடையாளங்களுள் ஒன்றாகப் போகோலான் ஆகியிருந்தது.

சந்தையும் கைகளை மாற்றியது. சுற்றுலாப் பயணிகளுக்காக இளைஞர்கள் அச்சுத்தகடு வைத்துப் பெரிய உருவங்களை விரைவாகத் தீட்டுகிறார்கள். பழங்குடிக் கலை என்ற பெயரில் விற்கும் துணிகளில் பல இந்த வகை. நுணுக்கத்தில் பெலேடுகு வேலையின் பக்கத்தில் வராது. செகூவில் கசோபானே குழுவைச் சேர்ந்த புபகார் தும்பியா தொடங்கிய ந்டோமோ பட்டறை, வேலையற்ற இளைஞர்களுக்கு இத்தொழிலைக் கற்றுத்தருகிறது.