27 டொலரில் தொடங்கிய வரலாறு

இன்று நுண்கடன் என்றாலே நம் நாட்டில் பல பெண்களுக்கு அச்சம். அது பிறந்த கதையோ வேறு.

பங்களாதேஷில் 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின், சிட்டகொங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் அயல் கிராமமான ஜோப்ராவில் மூங்கில் முக்காலி பின்னும் பெண்ணொருத்தியைச் சந்தித்தார். மூங்கில் வாங்கப் பணம் கடன் தந்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கு முக்காலியை விற்க வேண்டும். நாள் முழுதும் உழைத்து மிஞ்சியது 50 பைசா.

இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் தேவைப்பட்டது மொத்தம் 27 டொலர்தான். 1976இல் அதைத் தன் கைக்காசிலிருந்தே கொடுத்தார் யூனுஸ். 1983இல் அம்முயற்சி பிணை கேட்காத கிராமீன் வங்கியானது. 2006இல் நோபல் சமாதானப் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

கிராமீன் வட்டி வாங்கியது. அது நமக்கு ஆகாது. ஆனால் ஏழையை நம்பிக் கொடுக்கலாம் என்ற பாடம் நமக்கும் உரியது. வட்டியில்லா அழகிய கடனை நம் மார்க்கம் ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. நம் பள்ளிவாசல்களில் அதற்கொரு சிறு நிதி தொடங்குவோமா?