மூலைமட்டமும் தொலைகாட்டியும்: தொடக்கநிலைக் கற்கைநெறிகள் எதைக் கற்பிக்கின்றன?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் வன்னியிலுள்ள பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்பார்கள். "பிள்ளை உயர்தரத்துக்குப் போகாட்டி வேற என்ன வழி, சேர்?" என்பது ஒன்று. "தொழிற்பயிற்சிக்கு விட்டால் படிப்பு அதோட முடிஞ்சுதானே?" என்பது மற்றது. நீண்ட காலம் கணிதம் கற்பித்தவன் என்ற வகையில், இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். படிப்பு அங்கே முடிவதில்லை. வேறொரு வாசல் வழியாகத் தொடர்கிறது.

தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் முதல் வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திர வேலை பழகும் மாணவருக்கு வேணியர் இடுக்கியும் நுணுக்குத் திருகுக் கணிச்சியும் கைக்கு வருகின்றன. கட்டட வேலை பழகுபவர் அத்திவாரத்தின் மூலையை 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளந்து செங்கோணமாக்கப் பழகுகிறார். பைதகரஸ் தேற்றத்தைப் பரீட்சைக்காக மட்டும் பாடமாக்கிய பிள்ளைக்கு, அது சுவரை நேராக நிறுத்தும் கருவி என்பது அங்கேதான் விளங்குகிறது.

வானியலின் தொடக்கப் பாடநெறியும் அளவீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. யாழ்ப்பாணத்தில் அது சுமார் 10 பாகை. கையை முழுமையாக நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பருத்தித்துறைக் கரையில் நின்று வடக்கே கடலுக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் தேடினால், தெளிவான இரவில் அந்த நட்சத்திரத்தைக் காணலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இந்த இரண்டு படிப்புகளும் நேரடியாகச் சந்திக்கும் இடங்களும் உண்டு. அளவுகோலைச் சரிவாகப் பார்த்து வாசித்தால் அளவு பிழைக்கும் என்று தச்சுப் பட்டறையில் சொல்லித் தருவார்கள். பார்க்கும் இடம் மாறினால் பொருள் இடம் மாறியதுபோலத் தோன்றுவதே காரணம். பட்டறையில் தவிர்க்க வேண்டிய அதே தோற்ற மாற்றம், வானியலாளருக்கு அளவுகோலாகிறது. பூமி சூரியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வரும் ஆறு மாதத்தில் ஒரு நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்ததுபோலத் தெரிகிறது என்பதை அளந்தே 1838இல் பெசல் என்ற ஜேர்மானியர் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டார். அது ஏறத்தாழ 11 ஒளியாண்டு.

வெல்டிங் பழகுபவர்களுக்கு இன்னொன்று. உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கப் பயன்படும் வாயுக்கள் ஆர்கனும் ஹீலியமும். ஆர்கனை 1894இல் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே கண்டுபிடித்தார்கள். ஹீலியத்தின் அடையாளமோ 1868இல் சூரிய ஒளியின் நிறமாலையில்தான் முதலில் தென்பட்டது. பூமியில் அது கிடைத்தது 1895இல்.

எங்கள் மண்ணுக்கு வானியல் புதிய பாடமுமல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதத்தோடு வானியலும் கற்பிக்கப்பட்டது. உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்புகளைப் பிழையென்று காட்டுவது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் அங்கே அதிபராக இருந்த ஹொய்சிங்டனே 1848இல் இந்து வானியல் கணிப்பு முறையை விளக்கும் நூலொன்றை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள்.

பின்னர் வந்த ஒரு தலைமுறை வானத்தை வேறு காரணத்துக்காகப் பார்த்தது. குண்டுவீச்சு விமானம் வருகிறதா என்று காதால் கேட்டு, கண்ணால் தேடி, பதுங்குகுழிக்கு ஓடினோம். மின்சாரமில்லாத அந்த இரவுகளில் நட்சத்திரங்கள் நிறையவே தெரிந்தன. பெயர் சொல்லித் தரத்தான் நேரமிருக்கவில்லை. அதே காலத்தில், பொருளாதாரத் தடைக்குள், பெற்றோலில் சில துளி விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்தவர்கள் எங்களவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். அந்தத் திறமைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இன்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். முன்கற்றலை அங்கீகரித்தல், சுருக்கமாக ஆர்.பி.எல்., என்ற முறையில், பயிற்சி நிலையத்துக்கே போகாமல் கராஜிலோ கட்டட வேலையிலோ தொழில் பழகியவர்கள் தங்கள் திறமையைச் செய்துகாட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். இடப்பெயர்வால் பாடசாலையை இடைநடுவில் விட்டவர்களுக்கு இது முக்கியமான வாசல். நைட்டா என்று அறியப்படும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் இதைப்பற்றி விசாரிக்கலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. ஒன்று கெட்டிக்காரருக்கு, மற்றது தவறியவருக்கு என்று எங்கள் சமூகம் போட்டு வைத்திருக்கும் கோடு, படிப்பில் இல்லை. எங்கள் மனதில்தான் இருக்கிறது.

வானியலைத் தொடர விரும்பும் பிள்ளை பௌதிகத்தையும் கணிதத்தையும் கைவிடக்கூடாது. மொரட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் 1996இல் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி உண்டு. ஓப்பன்ஸ்டாக்ஸின் தொடக்கநிலை வானியல் பாடநூல் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அடுத்த முறை கிரகணம் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வெல்டிங் கண்ணாடியால் சூரியனைப் பார்ப்பதானால் அது 14ஆம் இலக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பட்டறைகளில் வழக்கமாக இருக்கும் 10, 11ஆம் இலக்கங்கள் கண்ணுக்குப் போதிய பாதுகாப்பல்ல.

தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை நான்கு. நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பாடநெறி எந்த என்.வி.கியூ. மட்டத்துக்குரியது? கற்பித்தல் தமிழ் மொழிமூலமா? தொழிலிடப் பயிற்சியை யார் ஒழுங்கு செய்வார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் காசு கட்டாதீர்கள்.