ஸ்டெப்னி முதல் ஸ்பேசர் வரை: கார்ச் சக்கரப் பிணைப்பின் வரலாறு

மந்தைவெளியில் எந்தப் பஞ்சர் கடைக்குப் போனாலும் "ஸ்டெப்னி இருக்கா சார்?" என்றே கேட்பார்கள். மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் இச்சொல் உண்மையில் ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904இல் இதை உருவாக்கினர்.

அக்காலக் கார்களின் சக்கரத்தை வழியில் எளிதாகக் கழற்ற இயலாது. பஞ்சரானால் சாலையோரத்தில் அமர்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது, காற்றடைத்த டயருடன் கூடிய, ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விகளால் பிணைத்து வீடு சேரலாம்.

பின்னர் முழுச் சக்கரத்தையே கழற்றும் முறைகள் வந்தன. ரட்ஜ்-விட்வொர்த் சக்கரம் நடுவில் ஒரே பெரிய நட்டால் நின்றது. எஃகுத் தகட்டுச் சக்கரங்கள் பரவியபோது, ஹப்பில் பதித்த நான்கைந்து ஸ்டட்டுகளும் நட்டுகளும் பொது வழக்காயின.

சென்னையில் இத்தொழில் பாடியில் வேரூன்றியது. சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. உயர்வலிமைத் திருகாணிகள் செய்யும் சுந்தரம் ஃபாசனர்ஸ் 1966இல் உற்பத்தியைத் தொடங்கியது.

ஸ்டட் செய்யும் வேலை

காரின் எடை ஸ்டட்டில் தொங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. ரப்பர் வளையம்போல் திரும்பச் சுருங்க முயன்று, சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே எடையைத் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டட் வளைந்து நிமிரும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 500 முறை சுற்றுகிறது. அதனால்தான் தளர்ந்த ஸ்டட் ஒருநாள் திடீரென முறிகிறது.

தேர்வு செய்யும் முறை

சக்கரங்களுக்கிடையே அகலம் கூடினால் வளைவில் கார் குறைவாகச் சாயும். இதற்காகப் பந்தயக் கார்களில் பயன்பட்ட ஸ்பேசர், இன்று அழகுக்காகவும் விற்கப்படுகிறது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டு இது. 5 மி.மீ. தட்டு வைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் புரி 5 மி.மீ. குறையும். எனவே அந்த அளவுக்கு நீண்ட ஸ்டட் தேவை. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும், 1.5 மி.மீ. புரியானால் அது எட்டுச் சுற்று.

புரியின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். மாருதி சுசூகி கார்களில் பொதுவாக 1.25 மி.மீ.; ஹூண்டாய், ஹோண்டா கார்களில் பொதுவாக 1.5 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். மாற்றிப் போட்டால் புரி அழியும். ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பில் இடைவெளியின்றி அமர வேண்டும். கழற்றிய பழைய ஸ்டட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. அது எவ்வளவு நீண்டு களைத்தது என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அழகுக்கு மட்டும் என்றால் ஸ்பேசரைத் தவிர்ப்பதே நல்லது.

எக்காரணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னி மாட்டிய நாளுக்கும் இது பொருந்தும்.