பாதிப் பாதி என்னும் அனுமானம்: மேற்கு வர்ஜீனியாவின் நான்கு விதிகள்

மணமுறிவுக்குப் பின் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அமெரிக்காவில் முடிவு செய்வது மாநிலச் சட்டம். 2018இல் கென்டக்கி, 2021இல் ஆர்கன்சா, 2022இல் மேற்கு வர்ஜீனியா, 2023இல் புளோரிடா, மிசௌரி என ஐந்து மாநிலங்கள் அடுத்தடுத்து ஒரே திசையில் சட்டத்தைத் திருத்தியிருக்கின்றன. குழந்தை தாயிடம் பாதி நாள், தந்தையிடம் பாதி நாள் இருப்பதே அதற்கு நல்லது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். இந்த அனுமானம் பெற்றோருக்கிடையே சமத்துவத்தை நிலைநாட்டுகிறது. ஆனால் குழந்தையை இதுவரை வளர்த்தது யார் என்ற கேள்வியை விசாரணையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்தக் கேள்வியே மையமாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். சுமார் நாற்பது ஆண்டுகளில் நான்கு விதிகளைக் கையாண்ட மேற்கு வர்ஜீனியாவே இதை ஆராய ஏற்ற களம்.

முதல் விதி பழையது: சிறு குழந்தை தாய்க்கே. பாலினம் பார்த்துத் தீர்ப்பளிக்கும் அந்த வழக்கத்தை 1980இல் சட்டமன்றம் விலக்கியது. மறு ஆண்டே ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தந்தைக்குப் படிப்பு அதிகம், வருமானம் அதிகம், ஆங்கிலம் நன்றாக வருகிறது, தோற்றமும் நடத்தையும் மேல் என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் குழந்தையை அவரிடம் ஒப்படைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரிச்சர்ட் நீலி, முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்று கண்டறியச் சொன்னார். அதற்கான அடையாளங்களையும் தீர்ப்பிலேயே அடுக்கினார். சாப்பாட்டுக்குத் திட்டமிட்டுச் சமைப்பவர் யார்? குளிப்பாட்டித் தலைசீவி உடுத்திவிடுபவர், துணி வாங்கித் துவைப்பவர் யார்? காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கொண்டு போவது யார்? இரவில் தூங்க வைப்பதும், நடுராத்திரியில் அழுதால் எழுந்து பார்ப்பதும், காலையில் எழுப்புவதும், கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுப்பதும் யார்? ஒரு வீட்டில் அன்றாடம் நடப்பதும், வெளியார் கண்ணில் படாததுமான உழைப்பு இது. அதைச் சட்டத்தின் சான்றாக ஏற்றதே இத்தீர்ப்பின் பெருமை. கேள்விகளில் தாய் என்றோ தந்தை என்றோ இல்லை. செய்தவர் எவரோ அவருக்கே முன்னுரிமை.

நீலி இப்படி ஒரு திட்டவட்டமான விதியை நாடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீர்ப்பு எப்படிப் போகும் என்று தெரியாத நிலையில், குழந்தையை இழந்துவிடுவோமோ என்று அதிகம் அஞ்சுபவரே பேரத்தில் விட்டுக்கொடுக்கிறார். ‘குழந்தையைக் கேட்டு வழக்காடுவேன்’ என்ற ஒரு மிரட்டல் போதும். பராமரிப்புத் தொகை குறைந்துவிடும். ராபர்ட் நூக்கினும் லூயிஸ் கார்ன்ஹவுசரும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதையே விரிவாக விளக்கியது: பெரும்பாலான மணமுறிவுகள் நீதிபதியின் முன் அல்ல, அவர் என்ன சொல்வார் என்ற கணிப்பின் மீதே பேசித் தீர்க்கப்படுகின்றன. ஆகவே ஒரு விதியை மதிப்பிடும்போது நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளை மட்டும் பார்த்தால் போதாது.

முதன்மைப் பராமரிப்பாளர் விதிக்கும் குறை இருந்தது. அறுபது பங்கு வளர்த்தவர் வென்றார். நாற்பது பங்கு வளர்த்தவர் வெறும் பார்வையாளராகிப் போனார். 2000 முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் விதி அதைத் திருத்தியது. பிரிவதற்கு முன் ஒவ்வொருவரும் பராமரிப்பில் எந்த விகிதத்தில் ஈடுபட்டார்களோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் பிரிந்த பின்னும் நேரம் பகிரப்பட வேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டக் கழகம் வகுத்த இக்கோட்பாட்டைச் சட்டமாக்கிய மாநிலம் மேற்கு வர்ஜீனியா. நான்கில் இதுவே சிறந்தது என்பேன். 2022இல் பாதிப் பாதி அனுமானம் அதன் இடத்தைப் பிடித்தது.

புதிய விதியை ஆதரிப்போரின் வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ‘குழந்தையின் நலன்’ என்ற அளவுகோல் நீதிபதியின் சொந்த விழுமியங்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது என்று நூக்கின் 1975லேயே எச்சரித்தார். குடும்பத்துக்காகக் கூடுதல் நேரம் வேலைக்குப் போன தந்தையை அந்த உழைப்பின் பேரிலேயே குழந்தையிடமிருந்து பிரிப்பது அநீதி என்பதும் உண்மை. ஆனால் இதற்கு மருந்து கடந்த காலத்தை மறப்பதல்ல. பழைய விகிதத்தைத் தொடக்கமாக வைத்து, ஈடுபாடு வளர வளர நேரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்.

பேரமும் ஒழியவில்லை, உரு மாறியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் இரு பெற்றோரிடமும் குழந்தை ஆண்டின் இரவுகளில் 35 சதவீதத்துக்கு மேல் தங்கினால் பராமரிப்புத் தொகை வேறு கணக்கில் குறையும். சரிபாதியைத் தொடக்கப் புள்ளியாக்கினால், அந்த 35 சதவீதத்தைத் தாண்டும் வாய்ப்பு வருமானம் அதிகம் உள்ளவருக்கு இயல்பாகவே கிடைக்கிறது. நீலி அஞ்சியது இதைத்தான்.

மெய்ப்பிக்கும் சுமையும் இங்கே முக்கியம். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தரப்பின் சாட்சியம் சற்று மேலோங்கினாலே அனுமானத்தை உடைக்கலாம். ஆர்கன்சாவிலோ தெளிவான, ஐயத்துக்கு எளிதில் இடமளிக்காத சாட்சியம் வேண்டும். வன்முறைக்கு விதிவிலக்கு ஏட்டில் இருக்கலாம். பூட்டிய கதவுக்குள் அடி வாங்கியவருக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? வழக்கறிஞருக்குக் கொடுக்கவும் கையில் காசில்லாதவர் பெரும்பாலும் அவரே.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 2006இல் அங்கு வந்த அனுமானம் முடிவெடுக்கும் பொறுப்பைச் சமமாகப் பகிர்வது பற்றியதே, நேரத்தைப் பற்றியதன்று. ஆயினும் சரிபாதி நேரம் தங்கள் உரிமை என்றே பெற்றோர் பலர் புரிந்துகொண்டனர். 2023இல் நிறைவேறிய திருத்தம் அந்த அனுமானத்தை நீக்கியது. 2024 மே 6 முதல் அத்திருத்தம் நடைமுறையில் உள்ளது.

படிப்பு, மருத்துவம் போன்றவற்றில் இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதை அனுமானமாக வைப்பதில் தவறில்லை. நேரத்தைப் பொறுத்தவரை மேற்கு வர்ஜீனியா தன் 2000ஆம் ஆண்டு விதிக்குத் திரும்ப வேண்டும். இம்மாநிலத்தைப் பார்த்துச் சட்டம் எழுத முனையும் மற்ற மாநிலங்களும் 2022ஆம் ஆண்டு விதியை விட்டு அதையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.