கிராம சபையும் பகுதி சபையும்: தீர்மானிக்கும் உரிமையும் கேட்கும் உரிமையும்

தமிழ்நாட்டில் ஊராட்சிக்குக் கிராம சபை. மாநகராட்சி, நகராட்சிகளுக்குப் பகுதி சபை. குடிநீர், தெருவிளக்கு, வடிகால் என்று இரண்டு இடத்திலும் பேச்சு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள அதிகாரம் ஒன்றல்ல.

கிராம சபையின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரையும் கொண்டதே கிராம சபை என்றது. அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகரத்துக்கு வார்டு குழுவோடு நின்றுவிட்டது. அதுவும் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள இடங்களுக்கு மட்டும். பகுதி சபைக்காகத் தமிழ்நாடு 2010இல் சட்டம் திருத்தியும், விதிகள் 2022இல்தான் வந்தன.

அதிகாரத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவை கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். பகுதி சபையோ தேவைகளை வரிசைப்படுத்தி வார்டு குழுவுக்குப் பரிந்துரைக்கிறது. அந்தக் குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். குழுவில் அமரும் பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நியமனத்தில்தான் அவர் வருகிறார்.

தீர்மானத்தின் வலு என்ன என்பதை மதுரை மாவட்டம் காட்டியது. அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, ஊராட்சிகள் 2024 நவம்பரில் கிராம சபையைக் கூட்டி எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. சட்டமன்றத் தீர்மானமும் மக்கள் பேரணியும் தொடர்ந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. தீர்மானம் தானாக எதையும் நிறுத்திவிடாது. எனினும் அது ஊரின் கூட்டு முடிவு. அதை இல்லையென்று சொல்ல யாராலும் முடியாது. நகரத்தில் ஒரு தெருவே திரண்டு வந்தாலும் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் மனு ரசீதுதான்.

பங்கேற்கும் முறையில் இரு சபையினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கலாம். கிராம சபையில் குறை சொல்வதோடு நிற்காமல், கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதிச் செல்ல வேண்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். இந்தப் பழக்கத்தை நகரவாசிகள் பகுதி சபைக்குக் கொண்டுபோகலாம்: கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேட்பது, சென்ற கூட்டத்தின் கோரிக்கைகள் என்ன ஆயின என்று முதல் கேள்வி எழுப்புவது, வார்டுக்கு ஒதுக்கிய தொகையைக் கேட்டு அறிவது. நகரங்களின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆவணங்களைக் கோப்பாக வைத்துத் துரத்துகிற விடாப்பிடி ஊராட்சிகளுக்கும் உதவும்.

ஆனால் பழக்கம் மட்டும் இந்த இடைவெளியை அடைக்காது. நகரத்து மக்களும் வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். தங்கள் பகுதிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும், வார்டின் வரவு செலவுக்கு ஒப்புதல் தரவும் அவர்களுக்குச் சட்டம் இடம் தர வேண்டும். அதுவரை பகுதி சபை குறைதீர் கூட்டமாகத்தான் இருக்கும்.