கெடிலக்கரைக்கு மார்பின் வந்த கதை

கெடிலக்கரையில் இருக்கும் எங்கள் திருவந்திபுரத்தில் உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் தேவநாத சுவாமி கோயில் சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டு வேண்டிக்கொள்வார்கள். கேன்சர் என்று தெரிந்துவிட்டால் அடுத்தது அடையாறு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் முயன்று, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு திறந்த மருத்துவமனை அது. 1957இல் அங்கே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. ‘கரண்ட் வைக்க மெட்ராஸ் போயிருக்காங்க’ என்ற பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன். புதுச்சேரி ஜிப்மரிலும் சிகிச்சை கிடைத்த பிறகு தூரம் வெகுவாகக் குறைந்தது. நடை மட்டும் குறையவில்லை.

அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: ஊசிக்கும் கரண்டுக்கும் போனது போக, பல பேர் வலி பொறுக்காமல்தான் வண்டி ஏறினார்கள்.

அந்த வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. கடும் புற்றுநோய் வலிக்கு அதை வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று 1986லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்கு மூலமான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், மீறினால் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை என்று வைத்தது. வாங்க ஒரு உரிமம், வைத்திருக்க ஒன்று, கொண்டுவர ஒன்று. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தால் என்ன ஆகுமோ என்று என் போன்றவர்கள் அதைத் தொடவே பயந்தோம். 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குச் செலவான மார்பின் சுமார் 18 கிலோதான். இத்தனை பெரிய நாட்டுக்கு!

வழி காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. பிறகு ஊர்த் தொண்டர்களும் செவிலியர்களும் வீடுவீடாகப் போனார்கள். 2014இல்தான் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, பல உரிமங்களை ஒரே அனுமதியாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது.

மாத்திரையை மட்டும் கொடுத்தால் போதாது. கன்னத்தில் புற்று வந்த ஒரு விவசாயியின் மனைவி வந்தார். “வலி விட்டுடுச்சுங்கய்யா. ஆனா அஞ்சு நாளா வெளிக்குப் போகல, வயிறு கல்லாட்டம் இருக்கு. திரும்பக் கூட்டிட்டுப் போகணுமா?” என்றார். மார்பின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுத வேண்டும். அந்தச் சீட்டில் அது இல்லை. டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கித் தந்தேன். “வலி வந்த பிறகு போடாதீங்கம்மா, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக் குடுங்க” என்றேன். புண்ணின் நாற்றத்துக்கு, டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் புண் மேல் தூவக் கற்றுக்கொடுத்தோம். அந்த நாற்றத்துக்காகத் திண்ணையில் தனியாகக் கிடந்த மனிதரைப் பிள்ளைகள் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்த விஷயம்.

வலியைப் போலவே, கீமோவுக்கு முன்னால் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் வீண் நடை வைத்தது. விடியற்காலையில் பஸ் ஏறிப்போய், “அணுக்கள் குறைவு, அடுத்த வாரம் வாங்க” என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். முதல் நாளே கடலூரிலோ சிதம்பரத்திலோ ரத்தம் பார்த்து, முடிவைப் போனில் சொல்லிவிடலாமே! கிராம சுகாதார செவிலியரிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்.

ஆனால் கீமோ போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கஷாயம், பாராசிட்டமால் என்று காலம் கடத்தாமல், நடுராத்திரி ஆனாலும் 108ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட வேண்டும்.